மணிக்கு ஒரு புத்தகம் வேண்டும்: தமிழ்ச் சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் சிறுவர் நூல்களை எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசுத் தொடக்கப் பள்ளியில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளை யார் துணையும் இல்லாமல் படித்து முடிக்கக்கூடிய கதை வரிசை ஒன்று தமிழில் வேண்டும். அதில் ஒரு குழந்தையும் அந்தக் குழந்தையின் நாயும் இருக்க வேண்டும். வேறு மொழியிலிருந்து வந்ததாக இல்லாமல், தமிழுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். நாய் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கரும்பலகையில் எந்த எழுத்தைத் தொட்டாலும் சொல்லிவிடுவாள். பள்ளிக்கு வந்திருந்த கதைப் புத்தகக் கட்டிலிருந்து, அட்டையில் நாய்ப் படம் போட்ட ஒன்றை அவளே தேடி எடுத்தாள். முதல் பக்கத்தில் ‘நாய்க்குட்டி தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது’ என்று இருந்தது. ‘நாய்’ உடனே வந்துவிட்டது. ‘குட்டி’யும் வந்தது. ‘தோட்டத்தில்’ என்பதைத் தட்டுத் தடுமாறிக் கடந்தாள். அடுத்த சொல்லில் விரலை வைத்தாள். ஓ. டி. க். அதற்கடுத்து ‘கொ’. விரல் முதலில் கொம்பின் மேல் நின்றது, பிறகு ‘க’வுக்குப் போனது, பிறகு காலுக்கு. ‘கெ’ என்றாள், ‘கா’ என்றாள், என்னைப் பார்த்தாள். ‘கொ’ என்று எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சொல்லில் பத்து எழுத்துகள் இருக்கின்றன. கடைசி ‘து’வுக்கு வந்து சேரும்போது முதலில் படித்த ‘ஓ’ அவள் நினைவிலிருந்து போய்விட்டது. புத்தகத்தை மூடினாள். எடுத்த இடத்தில் வைக்காமல், கட்டின் ஆக அடியில் செருகிவிட்டு வந்தாள்.

அன்று மதியம் சத்துணவு முடிந்ததும் அவள் வீட்டு நாய் சுற்றுச்சுவர் ஓரமாக வந்தது. மணி என்று பெயர். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், வால் சுருண்டிருக்கும். காலையில் அவள் பின்னாலேயே பள்ளி வாசல் வரை வந்துவிட்டு, மதியம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மிச்சம் வைத்திருந்த முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள்: “மணி, வா. வா, வா. மணி, நில். பிடி! போ, ஓடு.” குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன சொற்களில் இரண்டு எழுத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

என் மனத்தில் அன்று விழுந்ததுதான் இந்த யோசனை. தமிழில் வினைச்சொல்லின் மிகச் சிறிய வடிவம் ஏவல். வினைப்பகுதி எதுவோ அதுவே ஏவல்: ஓடு, நட, பிடி, எடு, படு. கிறு, கின்று என்று காலம் காட்டும் இடைநிலையும் விகுதியும் ஒட்ட ஒட்டத்தான் ‘ஓடு’ என்பது ‘ஓடுகிறது’ ஆகிறது, ‘ஓடிக்கொண்டிருந்தது’ ஆகிறது. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் என்று 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. வா, போ, தா அவற்றில் உண்டு. இந்தச் சொற்களையெல்லாம் ஒரு பிள்ளை நாள் முழுக்கத் தயக்கமில்லாமல் யாரிடம் சொல்லும்? பெரியவர்களிடம் ‘வா, தா’ என்று சொன்னால் அடி விழும். நாயிடம் சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பிள்ளைகள் பேசும் தமிழும் புத்தகத்துத் தமிழும் வேறு வேறு. ‘ஓடுது’ என்று பேசுகிற பிள்ளை ‘ஓடுகிறது’ என்று படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டுகிற சுமையோடு, தான் பேசாத வடிவத்தை ஊகிக்கிற சுமையும் சேர்ந்துகொள்கிறது. வா, போ, தா, ஓடு, பிடி, விடு, தேடு ஆகியவை பேச்சிலும் எழுத்திலும் ஒன்றுதான். ‘நில்’ என்பது பேச்சில் ‘நில்லு’ ஆகும், ‘பார்’ என்பது ‘பாரு’ ஆகும்; அந்தச் சிறு இடைவெளியைப் பிள்ளைகள் எளிதில் தாண்டிவிடுகிறார்கள். நாயோடு பேசும் ஒரு குழந்தையின் வாய்மொழியாகவே கதையை எழுதினால், எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்று நாம் பல காலமாகப் போடும் சண்டை ஒரு பதினாறு பக்கப் புத்தகத்துக்காவது தேவைப்படாது. பிள்ளை தன் வாயிலிருந்து வரும் சொல்லையே தாளிலும் பார்க்கும்.

அன்றிரவு நானே ஒன்று செய்து பார்த்தேன். ஏ4 தாள் நான்கை மடித்து, நடுவில் ஸ்டேப்லர் அடித்தால் 16 பக்கம் வருகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே இரண்டு சொல். சிறுமியின் ஒரு செருப்பைக் காணவில்லை. ‘மணி, வா.’ ‘மணி, தேடு.’ கட்டிலுக்கு அடியில் வால் மட்டும் தெரிகிறது. ‘மணி, எடு.’ மணி செருப்போடு வருகிறது. ‘மணி, தா.’ தரவில்லை. ‘மணி, விடு.’ விடவில்லை, இருவரும் இழுக்கிறார்கள். ‘மணி, ஓடு!’ செருப்போடு ஓடுகிறது, பின்னால் இவளும் ஓடுகிறாள். கடைசிப் பக்கத்தில் செருப்பின் மேல் தாடையை வைத்து மணி கண்ணை மூடுகிறது. ‘மணி, படு.’ அவ்வளவுதான். மொத்தம் எட்டுச் சொற்கள். தேடு, எடு, விடு, ஓடு, படு என்று ஐந்து ‘டு’வில் முடிகின்றன. உகரக் குறி தமிழில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, டு ஒரு மாதிரி. பிள்ளைகள் அதிகம் திணறும் இடம் அது. ஒரே குறியை ஐந்து சொற்களில் சந்தித்ததால் ‘டு’ அந்தப் புத்தகத்திலேயே படிந்துவிட்டது. இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுதி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

மறுநாள் அந்தச் சிறுமியிடம் கொடுத்தேன். வகுப்புப் படிக்கட்டில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். நான்கு படி தள்ளி நிழலில் மணி கிடந்தது. “மணி, வா” என்று அவள் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாள். நாய் எழுந்து, உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு, அவளிடம் வந்தது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். தாளில் இருந்ததை வாய்விட்டுப் படித்ததற்கு உலகத்தில் ஒன்று நடந்திருக்கிறது! இத்தனை ஆண்டு வேலையில் ஒரு பிள்ளை முகத்தில் அப்படியொரு வியப்பை நான் பார்த்ததில்லை. அடுத்த பக்கத்தில் ‘தேடு’ என்றதற்கு மணி ஒன்றும் செய்யவில்லை; அவள் பாவாடை ஓரத்தை முகர்ந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. அவள் விடாமல் கடைசிப் பக்கம் வரை அதற்குப் படித்துக் காட்டினாள்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999 ஆம் ஆண்டு, பிள்ளைகளைப் பழக்கிய நாய்களின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைக்கும் முயற்சி ஒன்று தொடங்கப்பட்டு, பிறகு பல ஊர்களின் நூலகங்களுக்குப் பரவியது. தவறாகப் படித்தால் நாய் திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது என்பதே அதன் அடிப்படை. எங்கள் படிக்கட்டில் யாரும் ஏற்பாடு செய்யாமலே அது நடந்தது.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு நீண்ட மரபே இருக்கிறது. சிந்தியா ரைலண்ட் எழுதிய ‘ஹென்றி அண்ட் மட்ஜ்’ வரிசை 1987 இல் தொடங்கியது: ஒரு சிறுவன், ஒரு பெரிய நாய், இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான நூல்களுக்கென்றே அமெரிக்க நூலகச் சங்கம் 2006 இல் ஒரு விருதை முதன்முறையாக வழங்கியபோது, அது அந்த வரிசையின் ஒரு நூலுக்குத்தான் போனது. இங்கே சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதைத் தருகிறது. நல்லது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கான நாவலும், எட்டே சொற்களில் எழுதிய நூலும் ஒரே விருதுக்கு எப்படிப் போட்டியிடும்? எட்டுச் சொல்லில் கதை சொல்வதைத் தனிக் கலையாக மதித்து ஒரு விருது ஏற்படுத்தும்படி அகாதெமியையும் தமிழக அரசையும் நீங்கள் கேட்க வேண்டும்.

அந்த ஆங்கில நூல்களைத் தமிழாக்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பில்தான் வம்பே தொடங்குகிறது. ஆங்கிலத்தின் சிக்கல் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தமின்மை. அதனால் அவர்கள் ஒரு நூலில் எத்தனை வேறு வேறு சொற்கள் என்பதையும் பார்த்து நிலை பிரிக்கிறார்கள். தமிழில் எழுத்தை அறிந்தால் ஒலி வந்துவிடும். சிக்கல் சொல்லின் நீளம். நாமும் அவர்களைப் பார்த்து ‘மொத்தம் 50 சொல், ஆகவே முதல் நிலை’ என்று முத்திரை குத்துகிறோம். அந்த 50 சொல்லில் பத்தெழுத்துச் சொற்கள் எத்தனை என்று பார்ப்பதில்லை. சொற்களை எண்ணுவதை விட்டு, சொல்லுக்குள் இருக்கும் எழுத்துகளை எண்ணுங்கள். முதல் புத்தகத்தில் மூன்றெழுத்துக்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் கொம்பு போடுகிற எழுத்துகளை மெல்ல மெல்லக் கொண்டு வாருங்கள். சந்தி சேர்த்து நீளமாக எழுதுவதைவிட, விதி மீறாமல் பிரித்து எழுதக்கூடிய இடங்களில் பிரித்து எழுதுங்கள்.

நம் பள்ளிக் கல்வித் துறைக்கு இந்தச் சொற்களின் அருமை தெரியாமல் இல்லை. துறையின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களின் நிலைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: நுழை, நட, ஓடு, பற. நான்கும் ஏவல். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துக் கற்பிக்கிறோம். அரும்பு நிலைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நான் விலகி நிற்கக்கூடிய புத்தகங்கள்தான் போதவில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் கதைகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் தருவது எனக்குப் பெரிய உதவி. அங்கிருந்து எத்தனையோ கதைகளை எடுத்து வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறேன். நான் படித்துக் காட்ட நூல்கள் இருக்கின்றன. பிள்ளை தானே படிப்பதற்குத்தான் கேட்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். வரிசை முழுக்க ஒவ்வொரு பக்கத்திலும் வரப்போவது நாயின் பெயர். அதிகம் படிக்கப்படும் சொல் அதுதான். ஜிம்மி, பிரவுனி என்று வைத்தால் கிரந்த எழுத்தோ சொல்லின் நீளமோ தொடக்கத்திலேயே முட்டும். வெள்ளையன் அழகான பெயர். ஆனால் வெ, ள், ளை என்று வரிசையாகக் கடினம். மணி இரண்டே எழுத்து. ஊருக்கு ஊர் நாய்க்கு வைக்கிற பெயரும்கூட. ராமு என்றும் வைக்கலாம். கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள்.

ஓவியர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். என் வகுப்புக்கு வரும் புத்தகங்களில் நாய் எப்போதும் வெள்ளைப் பஞ்சு உருண்டையாகவோ பொன்னிற மயிர் தொங்கும் பெரிய நாயாகவோ இருக்கிறது. கழுத்தில் பட்டை, பின்னால் புல்வெளி, எலும்பு வடிவத்தில் பிஸ்கட். எங்கள் பிள்ளைகளின் நாய் வாசலில் சாக்கு விரித்துப் படுக்கிறது, பழைய சோறு தின்கிறது, மழை பெய்தால் திண்ணைக்கு ஏறிக்கொள்கிறது. இதே மாவட்டத்தில்தான் ராஜபாளையம் இருக்கிறது; பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக உலகம் அறிந்த நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர். இந்திய அஞ்சல் துறை 2005 இல் நாட்டு நாய் இனங்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. முயலைத் துரத்தும் ஒல்லி உடம்புச் சிப்பிப்பாறை, கருவாய்க் கோம்பை, கன்னி என்று வரைவதற்கு இங்கே எவ்வளவு இருக்கிறது! இவை எதுவுமில்லாத சாதாரணத் தெருநாயின் சுருண்ட வாலையும் உற்றுப் பார்த்து வரையுங்கள். நான் வரைந்த படத்தில் மணி பயந்து நிற்கும் இடத்தில் வாலை மேலே தூக்கி வரைந்துவிட்டேன். பயந்தால் வால் காலுக்கு நடுவில் போய்விடும் என்று நான்கைந்து பிள்ளைகள் ஓடி வந்து திருத்தினார்கள்.

எழுதுகிறவர்களிடம்: நாயைச் சாகடிக்காதீர்கள். திருடனைப் பிடிக்கவும், குழந்தையைக் காப்பாற்றி உயிரை விடவும், கடைசி வரியில் ‘நன்றியுள்ள பிராணி’ என்று பெயர் வாங்கவுமே நம் கதைகளில் நாய் வருகிறது. குளிக்கப் பயந்து ஒளிவது, பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் புகுவது, கோழியிடம் கொத்து வாங்குவது, கோலத்தின் மேல் நடந்து திட்டு வாங்குவது எல்லாமே கதைதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை பெரிய சம்பவங்கள். ‘நாய்’ என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளில் பலர் முதலில் வசவாகத்தான் கேட்கிறார்கள், சில நேரம் தங்கள் மீதே. யானையைப் போன்றவரை விட்டு நாயைப் போன்றவரின் நட்பைக் கொள் என்று நாலடியார் சொன்ன மொழி இது. பாரதியும் நாயை மனிதனுக்குத் தோழன் என்றுதான் பாப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். அந்தச் சொல்லை வசவிலிருந்து மீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கப் பதினாறு பக்கம் போதும் என்று நம்புகிறேன்.

நாய்க்கடிச் செய்தி வராத நாள் இல்லாத காலத்தில் நாய்ப் புத்தகமா என்று என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. வெறிநோய் இருக்கலாம் என்று ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் இந்தப் புத்தகங்கள் இன்னும் அவசரமாக வேண்டும் என்கிறேன். பிள்ளைகள் நாயைச் சந்திக்கப் போவது உறுதி. என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்கிற சொற்களும் இதே சின்னச் சொற்கள்தான். தெரியாத நாய் வந்தால்: ‘ஓடாதே. நில். மரம் போல நில்.’ நாய் தின்னும்போது: ‘தொடாதே.’ குட்டிகளோடு இருக்கும்போது: ‘போகாதே.’ அடுத்த வீட்டு நாயைத் தடவுவதற்கு முன்: ‘அக்கா, தொடவா?’ கடித்துவிட்டால் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும். அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வரிசையில் ஒரு புத்தகம் அந்தப் பயத்தைப் போக்குவதற்கு வேண்டும். இன்னொரு புத்தகத்தில் மணியைக் கால்நடை மருந்தகத்துக்குத் தடுப்பூசி போட அழைத்துப் போகட்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். அந்த வாரத்தில் அதை வகுப்பில் படிக்கலாம்.

பதிப்பாளர்களுக்கு இருக்கும் கணக்கு எனக்கும் ஓரளவு தெரியும். பல வண்ண அச்சு, நல்ல தாள், 16 பக்கத்துக்கு மேல் விலை வைத்தால் யார் வாங்குவார்கள் என்ற கவலை. ஒரு ஃபாரத்தில், அதாவது 16 பக்கம் சேர்த்து அச்சிடும் ஒரு தாளில், ஒரு புத்தகம் முடிந்துவிடும். ஸ்டேப்லர் பின் அடித்தால் போதும், கெட்டி அட்டை தேவையில்லை. தனி நூலாகப் போட்டால் அலமாரியில் காணாமல் போகும். பன்னிரண்டு புத்தகங்களை ஒரு கட்டாகப் போடுங்கள். முதல் புத்தகத்தில் எட்டுச் சொல், இரண்டாவதில் அந்த எட்டோடு இன்னும் நான்கு என்று சொற்கள் கூடிக்கொண்டே போகட்டும். எட்டாவது புத்தகத்தில் ‘மணி ஓடியது’ வரட்டும். பன்னிரண்டாவதில் ‘ஓடிக்கொண்டிருந்தது’ வரட்டும். அதற்குள் பிள்ளை மணியை நம்பி அந்தப் பத்து எழுத்தையும் கடந்துவிடும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டங்களில் நடக்கும் காட்சிகளிலும் பெற்றோர் இவற்றை வாங்குவார்கள். நான் முதல் ஆளாக வாங்குவேன்.

அந்தச் சிறுமி இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மணியின் அடுத்த கதை எப்போது வரும் என்று இடைவேளைகளில் வந்து கேட்கிறாள். இரண்டாவதை எழுதி முடித்துவிட்டேன், அதில் மணி மழையில் நனைகிறது. ஆனால் என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, படிக்கக் காத்திருக்கிறவர்கள் இருபத்து மூன்று பேர். நகல் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். செவலை நிறம் போய், நாய் சாம்பல் நிறமாகிவிட்டது. இது மணி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்புடன்,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை